பூ நிற்காத கல்லறை

எவால்டைப் பற்றிச் சொல்வதென்றால் சரளைக்கல்லில் இருந்துதான் தொடங்கவேண்டும். ஆள் பிறகு வருவான்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லறையைச் சுற்றியும் முழங்கால் உயரத்துக்குக் குட்டையாக வேலிச்செடி இருக்கும். உள்ளே பொடிச்சரளை. சரளைமேல் இரும்புப் பல் வைத்த வாரியால் இழுத்த கோடுகள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் தோட்டம் மொத்தமும் படியத் தலைசீவின பிள்ளை மாதிரி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வருகிறவர்கள் பாட்டு எப்படி, பிரசங்கம் எப்படி என்று பேசமாட்டார்கள். யார் வீட்டுக் கல்லறையில் களை முளைத்திருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே உள்ளே போவார்கள். களை முளைத்தால் செத்தவருக்கு ஒன்றுமில்லை. இருக்கிறவர்களுக்குத்தான் தலைகுனிவு.

அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவன் எவால்ட். குழி வெட்டுவது, மணி அடிப்பது, வேலி கத்தரிப்பது, சரளை சீவுவது எல்லாம் அவன் ஒருவன்தான். என் சமையலறை ஜன்னல் அந்தத் தோட்டத்து மதிலைப் பார்த்துத்தான் இருக்கிறது. அதனால் அவனைப் பற்றி நான் சொல்வதை யாரும் திருத்தவேண்டாம். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறவளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற வயதில் நான் பீட்ரூட் வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் களையைப் பற்றி என்னிடம் யாரும் வாதாட முடியாது.

எவால்ட் நெட்டை. பேச்சு குறைவு. காலையில் ‘வணக்கம்’ என்று சொன்னால் மத்தியானம் தலையாட்டுவான். சட்டைப்பையில் எப்போதும் ஒரு முள்கரண்டி இருக்கும். அவன் பெண்டாட்டி ஆல்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த நல்ல கரண்டிகளில் ஒன்று. அதை வைத்துத்தான் களை எடுப்பான். தரையோடு தரையாகக் கவிழ்ந்து படுத்து, சரளைக்கு வலிக்கக்கூடாது என்பதுபோல, வேரோடு தூக்கி எடுப்பான்.

ஆல்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஏழாவது வரிசையில், ஊசியிலை வேலி ஓரமாகப் படுத்திருக்கிறாள். ஊரில் உள்ள அத்தனை கல்லறைக்கும் எவால்ட் நேர்கோடுதான் இழுப்பான். ஆல்மாவுக்கு மட்டும் அலை அலையாக இழுப்பான். அவள் துறைமுகத்துப் பெண். சனிக்கிழமை கடைசி வேலை அதுதான். அதை முடித்துவிட்டு வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வெளியே வருவான், தன் கால்தடம் கோட்டில் விழக்கூடாது என்று.

ஆல்மாவுக்குப் பக்கத்தில் ஒரு கல்லறை உண்டு. வேலி இருக்கிறது, சரளை இருக்கிறது, கோடு இருக்கிறது. கல்லும் இல்லை, பேரும் இல்லை. ஆல்மா வருவதற்கு முன்பே அது அங்கே இருந்தது. கரையொதுங்கின மாலுமி என்றார்கள். சண்டைக்காலத்துச் சிப்பாயின் எலும்பு என்றார்கள். பழைய பாதிரியாருக்கு வெளியூரில் ஒரு தொடர்பு இருந்ததாகவும் ஒரு பேச்சு. எவால்டைக் கேட்டால், “அதைப் பத்திப் பேசக்கூடாது” என்பான். குழிவெட்டுகிறவன் அப்படித்தானே இருக்கவேண்டும் என்று எல்லோரும் மரியாதையாக விட்டுவிட்டார்கள்.

மெத்தா மட்டும் விடவில்லை. மெத்தா எங்கள் ஊர்க்கூடத்துச் சமையல்கட்டை ஆள்கிறவள். கல்யாணமோ கருமாதியோ கூட்டமோ, அவள் காபி போடாமல் எதுவும் முடிந்ததில்லை. யாருமில்லாத ஆத்மா என்று ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தக் கல்லறையில் பான்சிப் பூச்செடி நட்டுவைப்பாள். பத்து நாளில் அது மஞ்சளாகி, சுருண்டு, செத்துப்போகும். அடுத்த வருஷம் வேறு செடி நடுவாள். அதுவும் சாகும். பாசிகூட அங்கே பிடித்ததில்லை. “படுத்திருக்கிறது யாரா இருந்தாலும் ரொம்பக் கோவக்காரன்” என்று மெத்தா சொல்வாள். ஆனாலும் நடுவதை நிறுத்தவில்லை. கிறிஸ்துமஸுக்கு மற்ற கல்லறைகளுக்கு ஊசியிலைக் கிளை பரப்பும்போது அதற்கும் இரண்டு கிளை அதிகமாகவே பரப்புவாள்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன்.

தென் யூட்லாந்தில் எங்கள் மாதிரி சின்ன ஊர்கள் தங்கள் தண்ணீரைத் தாங்களே இறைத்துக்கொள்ளும். எங்களுக்கும் ஒரு தண்ணீர்ச் சங்கம். கோவிலுக்குக் கீழே, சரிவில், ஆழ்கிணறு. சங்கத் தலைவன் லவ்ரிட்ஸ். முன்னே பால்வண்டி ஓட்டினவன். குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வாயில் வைத்துக் கொப்புளித்து, “நம்ம தண்ணி” என்று சொல்வதுதான் அவனுக்கு வாழ்க்கை. டவுன் தண்ணீரில் போட்ட காபியை எங்கே கொடுத்தாலும் கொட்டிவிடுவான்.

அந்தக் கிணற்றில் களைக்கொல்லி வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோருமே ஒரு சாம்பல்நிறக் குருணையை வீட்டு முற்றத்துச் சரளையிலும் கல்லறைச் சரளையிலும் உப்புத் தூவுகிற மாதிரித் தூவிக்கொண்டிருந்தோம். புல் பூண்டு தலைகாட்டாது. பிறகு அது மண்ணுக்குள் உருமாறி நிலத்தடி நீருக்கு இறங்குகிறது என்று கண்டுபிடித்து, அரசாங்கம் தடைபோட்டது. அதுவே முப்பது வருஷத்துக்குப் பக்கமாகப் போகிறது. சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லாம் தண்ணீரில் அது குறைந்துகொண்டே வந்தது. எங்கள் ஊரில் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

லவ்ரிட்ஸுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

“தோட்டத்துல ஒரு களை இல்ல. கிணறு தோட்டத்துக்குக் கீழ. இன்னும் என்ன வேணும்?” என்றான்.

“கையால எடுக்கறான்யா. நான் தினம் பாக்கறேன்” என்றேன் நான்.

“நீ ஜன்னல்ல இல்லாதப்ப?”

“நான் எப்ப ஜன்னல்ல இல்லாம இருந்தேன்?”

ஆனால் ஊர் அவன் பக்கம் சாய்ந்தது. மனுஷக் கையால் இவ்வளவு சுத்தம் வராது என்றார்கள். எவால்டின் முப்பது வருஷச் சுத்தமே அவனுக்கு எதிர்சாட்சி ஆகிவிட்டது. தோட்டத்தை நிர்வகிக்கிற சபைக்குழு கூடி, அவன் திருட்டுத்தனமாகத் தடைசெய்ததைத் தூவுகிறான் என்று உறுதியானால் அன்றைக்கே சாவியை வாங்கிவிடுவது, டவுனில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு வேலையைக் கொடுப்பது என்று முடிவுசெய்தது. எங்கள் கோவிலுக்குப் பாதிரியார் ஒரு பெண்; அந்தப் பாதிரியம்மாதான் பாவம், அதை அவனிடம் சொல்லப் போனாள். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

“அந்தக் கம்பெனிக்காரங்க எதை வெச்சு சீவுவாங்க?” என்று கேட்டான் எவால்ட்.

“சீவமாட்டாங்க எவால்ட். காத்தடிக்கிற மெஷின் வெச்சிருக்காங்க. ஊதி விட்டுடுவாங்களாம்.”

“ஆல்மா மேலயா?” என்றான்.

அவனுக்கு வேறெதுவும் பெரிதில்லை. சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை, பேரைப் பற்றிக் கேட்கவில்லை. வாரியை எடுத்துக்கொண்டு ஏழாவது வரிசைக்குப் போய், செவ்வாய்க்கிழமை என்றும் பாராமல் அலை இழுத்தான்.

நகராட்சி ஒரு பெண்ணை அனுப்பிவைத்தது. பேர் சிக்னே. பல்கலைக்கழகத்துக்காரி. ஒல்லியாக, பெரிய ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். கிணற்றடியில் வண்டியை நிறுத்தி, பம்பைப் போட்டு, கட்டைவிரல் பருமனில் ஒரு குழலை மாட்டி, அதற்குள் சொட்டுச்சொட்டாகத் தண்ணீரை விட்டாள். காலையில் ஆரம்பித்தது. ஊரே பார்க்கப் போனது. மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று. பால்காரன் பத்துப் பீப்பாயில் எடுத்துப்போகிற அளவுக்குத் தண்ணீர் அந்தக் குழல் வழியாக வந்து, மறுபக்கம் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது.

“ஏம்மா, தண்ணி கீழ போவுது” என்றான் லவ்ரிட்ஸ்.

“போகட்டும். எனக்கு இந்தக் குழல்தான் வேணும்.”

“தண்ணிய சோதிக்க வந்துட்டு தண்ணிய கொட்டிட்டு வடிகட்டிய எடுத்துட்டுப் போறியா?”

“தண்ணில இருக்கற மருந்து ரொம்பக் கொஞ்சம். அவ்வளவையும் இதுல பிடிச்சாத்தான் எடை பாக்க முடியும்.”

“எடையா?”

“ஆமா, எடைதான்.”

லவ்ரிட்ஸ் எங்களைத் திரும்பிப் பார்த்தான். காபியை வடிகட்டித் தூளை எடுத்துக்கொண்டு போகிற ஒருத்தியைப் பார்க்கிற பார்வை.

அன்றைக்கு ஊர்க்கூடத்தில் மெத்தா அவளுக்குக் காபி மேசை போட்டாள். எங்கள் பக்கத்துக் காபி மேசை என்றால் விளையாட்டில்லை. முதலில் பன். அப்புறம் க்ரீம் வைத்த மெத்து கேக்குகள் ஏழு வகை. கடைசியாகக் கடித்தால் பல்லையே கேட்கிற மொறுமொறு பிஸ்கெட்டுகள் ஏழு வகை. எல்லாவற்றிலும் ஒன்றாவது எடுக்காமல் எழுந்தால் போட்டவளுக்கு அவமரியாதை. சிக்னே நாலாவது கேக்கில் மூச்சு வாங்கும்போது லவ்ரிட்ஸ் விடாமல் கேட்டான்:

“எடை பாத்து என்ன தெரியும்? யார் போட்டதுன்னு தெரியுமா?”

“யாருன்னு தெரியாது. எப்படிப்பட்டதுன்னு தெரியும். ஐசோடோப்புன்னு சொல்லுவாங்க” என்று ஆரம்பித்தவள் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, மேசையைப் பார்த்தாள். “இந்த மேசையையே எடுத்துக்குங்க. விருந்தாளிங்க எதை முதல்ல எடுப்பாங்க?”

“மெத்து கேக்கு” என்றாள் மெத்தா. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. பிஸ்கெட்டுதான் அவளுக்குக் கைவந்தது.

“அதேதான். அந்த மருந்துல இருக்கற கரிமத்துல கொஞ்சம் கனமானதும் இருக்கு, பெரும்பாலும் லேசானது. பாக்க ரெண்டும் ஒண்ணுதான். மண்ணுல இருக்கற கிருமிங்க அதைத் தின்னு அழிக்கும். ஆனா லேசானதைத்தான் முதல்ல தின்னும், சுலபமா இருக்கறதால. நாள் ஆக ஆக தட்டுல கனமானது அதிகமா மிஞ்சும். தட்டுல பிஸ்கெட்டா கிடந்தா விருந்து தொடங்கி ரொம்ப நேரம் ஆச்சுன்னு அர்த்தம். பழைய மருந்து. கேக்கு நெறைய இருந்தா...”

“இப்பத்தான் போட்டிருக்கான்” என்றான் லவ்ரிட்ஸ்.

“இப்பத்தான் வெச்சிருக்காங்க. இல்லாட்டி சமையல்கட்டுல யாரும் தொடாத டப்பா ஒண்ணு இருந்து, அதுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா வந்துட்டிருக்கு.”

இரண்டையும் அவள் தெளிவாகத்தான் சொன்னாள். நானே சாட்சி. ஆனால் ஊர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. ரெண்டாவது அந்த மேசையிலேயே பிஸ்கெட்டோடு கிடந்தது.

எவால்ட் கதவோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பதினாலு வகையும் தின்றான். நிம்மதியாகத்தான் இருந்தான். “நான் தடைக்கு அப்புறம் ஒரு குருணைகூடத் தூவல. பிஸ்கெட்டுதான் வரும்” என்று என்னிடம் சொன்னான். அவன் என்னிடம் சேர்ந்தாற்போல் அத்தனை வார்த்தை பேசினது அதுதான் முதல்தடவை.

மரமெல்லாம் இலை உதிர்க்க ஆரம்பித்தபோது சிக்னே பதிலோடு வந்தாள். ஊர்க்கூடத்தில் உட்கார இடமில்லை. அவள் எழுந்து நின்று, அங்கே இங்கே சுற்றாமல் சொல்லிவிட்டாள்.

“கேக்குதான்.”

லவ்ரிட்ஸ் பின்னால் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான். “சொன்னேனா இல்லியா?”

எவால்ட் எழுந்து நின்றான். “நான் தூவல.”

“அப்ப யாருய்யா தூவினது, செத்தவங்களா?”

“நான் தூவல” என்று மறுபடியும் சொன்னான்.

சிக்னே குறுக்கே வந்தாள். “எவால்ட், கோவிச்சுக்காதீங்க. பழசை எங்கயாவது ஒளிச்சு வெச்சிருக்கீங்களா? கொட்டகையில, பரண்மேல?”

“நான் வாழ்க்கையில எதையும் ஒளிச்சு வெச்சதில்ல.”

அவன் பொய் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்தது. அவன் பொய் சொன்னால் காது சிவந்துவிடும், ஆல்மாவே சொல்லியிருக்கிறாள். காது வெள்ளையாகத்தான் இருந்தது.

பாதிரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள். எவால்ட் கோவில் சாவியை மேசைமேல் வைத்தான். கொட்டகைச் சாவியை வைத்தான். சட்டைப்பையில் கைவிட்டு முள்கரண்டியையும் எடுத்தான். “இது ஆல்மாவோடது” என்று சொல்லி மறுபடி உள்ளே போட்டுக்கொண்டான்.

அப்போது சமையல்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு மெத்தா வந்தாள், கையில் கெட்டில். காபி நேரம் தாண்டி ரொம்ப நேரமாகியிருந்தது. அவளுக்கு எரிச்சல்.

“எவால்ட், நீ போறதுன்னா போ. போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. ஆல்மா பக்கத்துல படுத்திருக்கறது யாரு? எத்தனை பான்சி, எத்தனை ஹீத்தர் செடி. ஒண்ணாவது நின்னுதா? அந்த மனுஷன் பேரையாவது சொல்லு, திட்டறதுக்காவது ஆகும்.”

சிக்னே வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை அப்படியே கீழே வைத்தாள். “எதுவுமே நிக்கலையா?”

“பாசிகூட இல்லம்மா.”

“எவ்வளவு காலமா?”

“நடத் தொடங்கின நாள்லேருந்து.”

சிக்னே எவால்ட் பக்கம் திரும்பினாள். “அங்க இருக்கறது யாரு?”

“அதைப் பத்திப் பேசக்கூடாது.”

“எவால்ட், நான் கேக்கறேன்” என்றாள் பாதிரியம்மா.

“வாக்குக் குடுத்திருக்கேன்.”

“யாருக்கு?”

“பழைய சபைத் தலைவருக்கு.”

“அவர் செத்துட்டாரே.”

“தெரியும். நான்தான் வெட்டினேன். மூணாவது வரிசை.” கொஞ்சம் யோசித்து, “செத்தா வாக்கு போயிடுமா?” என்றான்.

பாதிரியம்மா தொழிலுக்கே அது கஷ்டமான கேள்வி. சிக்னேதான் மெதுவாக வேறு வழியில் வந்தாள்.

“பேர் வேண்டாம். அது மனுஷனா? அதை மட்டும் சொல்லுங்க.”

எவால்ட் மெத்தாவைப் பார்த்தான். அவள் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இல்ல” என்றான்.

“இல்லியா?” என்றாள் மெத்தா. “அப்ப இத்தனை காலமா நான் யாருக்குய்யா பூ வெச்சேன்?”

“மூணு மூட்டைக்கு.”

தடை வந்த வருஷம் கொட்டகையில் குருணை மூட்டை மூன்று மிஞ்சியிருந்ததாம். அப்போதைய சபைத் தலைவர் அவனைக் கூப்பிட்டு, “இதை இல்லாம பண்ணிடு. வெளிய பேச்சு வரக்கூடாது” என்றாராம். அவன் குழிவெட்டுகிறவன். ஒன்றை இல்லாமல் பண்ண அவனுக்கு ஒரே வழிதான் தெரியும். ஆறடி வெட்டி, மூட்டைகளை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மரியாதையாக இறக்கி, மண் தள்ளி, வேலி நட்டு, சரளை போட்டுச் சீவியிருக்கிறான். பட்டப்பகலில். சிலுவை மட்டும் வைக்கவில்லை. அது ஞானஸ்நானம் வாங்கினது இல்லையே என்றான்.

“நீ ஒளிச்சு வெக்கலன்னியே” என்றான் லவ்ரிட்ஸ்.

“ஒளிக்கல. அடக்கம் பண்ணினேன்.”

“ஏன்யா அந்த இடத்துல?”

“அது என் இடம்” என்றான் எவால்ட். “எனக்கும் ஆல்மாவுக்கும்னு சேத்து வாங்கினது. வேறொருத்தர் இடத்துல புதைக்க மனசு வரல. என் காலம் முடியறதுக்குள்ள அதோட காலம் முடிஞ்சிடும்னு நெனச்சேன்.”

சிக்னேயின் முகம் தெளிந்துவிட்டது. பிளாஸ்டிக் தாள் இத்தனை வருஷத்தில் பொத்துப்போயிருக்கும், உள்ளே கிருமி வாய்படாத மருந்து அப்படியே இருக்கும், அதுதான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, அதனால்தான் பழசு புதுசு மாதிரி வந்திருக்கிறது என்றாள். யாரும் தொடாத டப்பா. அவள் அன்றைக்கே சொன்ன ரெண்டாவது இதுதான். நாளைக்கே தோண்டவேண்டும் என்றாள்.

“முடியாது” என்றான் எவால்ட்.

“ஏன்?”

“அமைதிக்காலம் முடியல. ஒரு கல்லறைய முப்பது வருஷம் ஆகாம தெறக்கக்கூடாது. இன்னும் இருக்கு.”

“எவால்ட், அது களைக்கொல்லி.”

“கல்லறை கல்லறைதான். இன்னிக்கி இதைத் தெறப்பீங்க, நாளைக்கி யாரோடதைத் தெறப்பீங்க?”

கூட்டம் இரண்டாக உடைந்தது. என்னைக் கேட்டால் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பாதிக்கூட்டம் என் பக்கம் இருந்தது என்பதையும் எழுதிக்கொள். சொந்தக்காரர்களை அந்தத் தோட்டத்தில் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் திடீரென்று மூட்டைகளுக்காகப் பேச ஆரம்பித்தார்கள். தண்ணீர்ச் சங்கத்து ஆட்கள் எதிர்ப்பக்கம். லவ்ரிட்ஸ் மேசையைத் தட்டினான். யாரோ ஒருவர் மூட்டைகளுக்கு வாரிசு உண்டா, அவர்கள் சம்மதம் வாங்கவேண்டாமா என்று கேட்டார். கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டார்.

பாதிரியம்மா கடைசியில் கையைத் தூக்கினாள்.

“எவால்ட், முப்பது வருஷம் சவப்பெட்டிக்குத்தானே?”

“ஆமா.”

“எரிச்ச சாம்பலுக்கு?”

“பத்து வருஷம்.”

“மூட்டையில இருந்தது கட்டியா, பொடியா?”

எவால்ட் யோசித்தான். நாங்களும் காத்திருந்தோம். அவன் உதடு அசைந்தது, மனசுக்குள் சட்டத்தைப் புரட்டினான்.

“பொடிதான்” என்றான். “சாம்பல் மாதிரிதான் இருக்கும்.” பிறகு, “அப்ப காலம் முடிஞ்சிடுச்சு” என்று சொல்லி உட்கார்ந்தான். அதோடு தகராறு தீர்ந்தது. மெத்தா காபி ஊற்றினாள்.

ஊற்றிக்கொண்டே வரும்போதுதான் லவ்ரிட்ஸ் வாயைக் கொடுத்தான். “எப்படிப் பாத்தாலும் வெஷத்தை வெச்சது இவன்தானே. சாவியைத் திருப்பிக் குடுக்க முடியாது.”

மெத்தா அவன் கோப்பைக்குமேல் கெட்டிலை நிறுத்தினாள். “யோவ் லவ்ரிட்ஸ். வெளிய பேச்சு வராம இல்லாம பண்ணனும்னு சபைக்குழு முடிவெடுத்தன்னிக்கும் காபி நான்தான் போட்டேன். யார் யார் கை தூக்கினாங்கன்னு எனக்குத் தெரியும். சொல்லவா?”

லவ்ரிட்ஸ் கோப்பையைத் தள்ளி நீட்டினான். “ஊத்து” என்றான். அவ்வளவுதான். எவால்ட் சாவிகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

தோண்டிய அன்றைக்கு நகராட்சியில் இருந்து வெள்ளை உடுப்பு போட்டு, முகமூடி மாட்டி நாலு பேர் வந்தார்கள். எவால்ட் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக வந்தான். அவனுக்கும் முகமூடி கொடுத்தார்கள், தொப்பியைக் கழற்றாமலே மாட்டிக்கொண்டான். முதல் மண்வெட்டி தான்தான் போடவேண்டும் என்று நின்றான். லவ்ரிட்ஸ் கோவில் கொடியை அரைக்கம்பத்தில் ஏற்றியிருந்தான். அடக்கத்துக்கு என்றால் முடிந்ததும் கொடியை உச்சிக்கு ஏற்றுவது வழக்கம். எடுப்பதற்கு என்ன வழக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்சம் பேசிப் பார்த்துவிட்டு அதற்கும் உச்சிக்கே ஏற்றினார்கள். மெத்தா ஒரு பூங்கொத்து கொண்டுவந்திருந்தாள். கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல், லாரி கிளம்பும்போது அதைப் பின்பலகையில் செருகிவிட்டாள். மூட்டைகள் பூவோடுதான் போயின.

சிக்னே போகும்போது எவால்டிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாள். தோண்டின இடத்தில் புதுமண் போட்டிருக்கிறோம், அடியில் மிச்சம் இருக்கிறது, அதைக் கிருமிகள்தான் தின்று தீர்க்கவேண்டும். கிருமிக்கு வேர் வேண்டும். ஆகவே அந்த இடத்தில் சரளை போடக்கூடாது, சீவக்கூடாது, முளைக்கிற எதையும் பிடுங்கக்கூடாது.

“எதையுமா?”

“எதையும். மண்ணு சொகமாச்சுன்னா தானா களை வரும். அது வர்ற வரைக்கும் அங்க யாரையும் அடக்கம் பண்ணவும் விடமாட்டாங்க.”

“அது என் இடம்” என்றான் எவால்ட்.

“அதனாலதான் சொல்றேன். களை வரணும்னு வேண்டிக்குங்க.”

முப்பது வருஷம் களையோடு சண்டைபோட்டவனிடம் போய் இதைச் சொன்னால்? அவன் தினமும் காலையில் அங்கே போய்க் குனிந்து பார்ப்பதை என் ஜன்னலில் இருந்து பார்த்தேன். ஒரு வசந்தம் போயிற்று. ஒன்றுமில்லை. தோட்டத்தில் வேறெங்கே களை தலைநீட்டினாலும் பிடுங்குவதற்கு முன்னால் கொஞ்சம் நின்று யோசிக்க ஆரம்பித்தான். ஒருநாள் ஒரு களையை வேரோடு பெயர்த்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஏழாவது வரிசைக்குப் போய், அங்கே நட்டான். அது செத்தது. மெத்தா மதிலுக்கு வெளியே இருந்து, “இப்பத் தெரியுதா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சிக்னே வருஷத்துக்கு ஒருமுறை வந்து குழலை மாட்டித் தண்ணீரைக் கொட்டினாள். இப்போதெல்லாம் லவ்ரிட்ஸே பம்பைப் பிடித்துக்கொடுக்கிறான். போன தடவை பதில் வந்தபோது, தட்டில் பாதி பிஸ்கெட்டு ஆகிவிட்டது, அளவும் குறைகிறது என்றாள். லவ்ரிட்ஸ் ஒரு டம்ளர் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “கனமா இருக்கு” என்று தலையாட்டினான். என்னமோ அவன் நாக்கில் தெரிகிற மாதிரி.

இந்த வருஷம் மே மாதம் எவால்ட் என் கதவைத் தட்டினான். கையால் வா என்று காட்டினான். போனேன். அவன் இடத்தில், நட்டநடுவில், ஒரு பால்பூ. உடைத்தால் பால் வருமே, மஞ்சளாகப் பூத்து வெள்ளைப் பஞ்சாகப் பறக்குமே, அந்தக் களைதான். களைகளிலேயே மோசமான களை. இலை நல்ல பச்சை. ஒரு பூ.

“நீ நட்டியா?” என்றேன்.

“இல்ல. தானா வந்துச்சு.”

அவன் காதைப் பார்த்தேன். வெள்ளைதான்.

பத்து நாள் கழித்து, மேற்குக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஜன்னலில் இருந்து பார்த்தால், எவால்ட் தன் இடத்துப் பக்கத்தில் மண்டியிட்டு, தொப்பியைக் கழற்றித் தரைக்குமேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறான். தலைமயிர் பறக்கிறது. நான் மதிலோரம் போனேன். தொப்பிக்கு அடியில் அந்தப் பால்பூ பஞ்சாகியிருந்தது.

“என்னய்யா பண்றே?”

“காத்து ஆல்மா பக்கமா அடிக்குது” என்றான். “வெதை அவ சரளையில விழுந்துடும்.”

“அப்ப பிடுங்கித் தொலையேன்.”

“பிடுங்கக் கூடாதே.”

சட்டைப்பையில் முள்கரண்டி துருத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆல்மாவின் அலைகள் கலையாமல் இருந்தன. காபி போட்டிருக்கிறேன், வந்து குடித்துவிட்டுப் போ என்றேன். காற்று நிற்கட்டும், வருகிறேன் என்றான்.

எங்கள் ஊரில் காற்று நிற்பதாவது. வீட்டுக்குப் போய்க் கெட்டிலை எடுத்துக்கொண்டு நானே தோட்டத்துக்குள் போனேன்.